கால்சட்டையின் இடுப்பளவு

லண்டன் பேருந்து நிர்வாகம் தன் ஊழியர்களுக்குச் சீருடை கொடுத்தது. யாருக்கு எத்தனை அங்குல இடுப்பு என்பது பதிவேட்டில் இருந்தது. துணி தைப்பதற்காக எழுதி வைத்த அந்தக் கணக்கை 1950-களில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டைகள் நடத்துநர்களுடையதைவிட அகலமாக இருந்தன. எந்த வயதுப் பிரிவைப் பார்த்தாலும் அப்படித்தான்.

அவர் அந்தப் பதிவேட்டைத் தேடிப் போனதற்குக் காரணம் இருந்தது. 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 லண்டன் போக்குவரத்து ஊழியர்களின் இதய நோய்க் கணக்கை அவருடைய குழு 1949-50-ல் எடுத்து, 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டது. லண்டனில் ஓடியவை மாடிப் பேருந்துகள். ஓட்டுநர் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறுவார். இருவரும் ஒரே பணிமனை, ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத்தரம். ஆனால் மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது, வந்தாலும் வயது தள்ளி வந்தது, வந்தவர்களும் அதிகம் பிழைத்தார்கள். தபால் துறையிலும் இதே கதை: தெருத்தெருவாகக் கடிதம் கொடுத்தவர்கள் மேசையில் உட்கார்ந்திருந்த எழுத்தர்களைவிடப் பத்திரமாக இருந்தார்கள்.

உடனே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. பருமனானவர்கள்தாம் ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ? சீருடைப் பதிவேடு அந்தச் சந்தேகத்துக்கு வலுவும் சேர்த்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஓட்டுநர்களுக்கே இடுப்பு சற்றுப் பெரிதாக இருந்தது. தன் முடிவுக்கு இடைஞ்சலான இந்தத் தகவலை மாரிஸ் மறைக்கவில்லை, 1956-ல் அவரே அச்சிட்டார். பத்தாண்டு கழித்து மேலும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று ஊழியர்களைப் பிரித்தார்கள். மூன்று பிரிவிலுமே திடீர் இதய மரணம் நடத்துநர்களுக்குக் குறைவாகத்தான் இருந்தது.

அலுவலகம் போகிறவர்கள் காதில் அதிகம் விழாத சேதி இதுதான். பருமன் ஓர் ஆபத்து, உட்கார்ந்தே இருப்பது வேறோர் ஆபத்து. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். ஒல்லியாக இருப்பவருக்கு நாற்காலி சலுகை எதுவும் கொடுப்பதில்லை.

(மாரிஸ் தன் ஆய்வைச் சென்னையில் செய்திருந்தால் திண்டாடியிருப்பார். நம் மாநகரப் பேருந்தில் நடத்துநருக்கென்று பின்கதவருகே ஓர் இருக்கை உண்டு. காசும் டிக்கெட்டும் கைமாறி கைமாறி அவரிடம் போய் வரும்.)

வேலை உடலை விட்டு விலகிய வேகத்துக்கு அமெரிக்காவில் நல்ல கணக்கு இருக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் அங்கே தனியார் துறை வேலைகளில் ஏறக்குறைய பாதி, மிதமான உடலுழைப்பையாவது கேட்டன. 2011-ல் வெளியான ஆய்வு அது 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டதாகக் காட்டியது. வேலையில் ஒருவர் செலவழிக்கும் ஆற்றல் நாளொன்றுக்கு 100 கலோரிக்கு மேல் குறைந்திருந்தது. ஒரு டம்ளர் பால் காபியின் அளவுதான். ஐம்பது ஆண்டுகளில் அந்நாட்டவரின் எடை ஏறியதில் பெரும்பகுதியை இந்தச் சிறு தொகையைக் கொண்டே விளக்கிவிடலாம் என்றார்கள் ஆய்வாளர்கள்.

அவர்கள் அரை நூற்றாண்டில் கடந்ததை நாம் ஒரு தலைமுறையில் கடந்திருக்கிறோம். அப்பா வயலில் நின்றார், மகன் சென்னை சோழிங்கநல்லூரில் பதினோராம் மாடியில் உட்கார்ந்திருக்கிறான். இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத பெரியவர்கள் 2000-ல் 22 விழுக்காடு. 2022-ல் 49 விழுக்காடு. பெண்களை மட்டும் எடுத்தால் 57. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டைப் பற்றிச் சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது. 2015-16-ல் அதிக எடையோ உடற்பருமனோ கொண்ட பெண்கள் 30.9 விழுக்காடு, 2019-21-ல் 40.4. ஆண்கள் 28.2-லிருந்து 37.0. இடைப்பட்ட காலம் ஏறக்குறைய ஐந்தாண்டுதான். அகில இந்திய அளவில் இது நான்கில் ஒருவர் என்ற கணக்கைத் தாண்டவில்லை.

தட்டு மட்டும் மாறவில்லை. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி போதும் என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மிதமான உடலுழைப்பு செய்பவருக்கு 2,710. பெண்களுக்கு இதே கணக்கு 1,660, 2,130. ஆணுக்கு வரும் 600 கலோரி வித்தியாசம் சட்னியும் எண்ணெயும் சேராமல் சுமார் பத்து இட்லி. உழைத்த தலைமுறையின் சாப்பாட்டு அளவு வீட்டில் அப்படியே பழகிவந்திருக்க, அதைச் செலவழித்த வேலை மட்டும் போய்விட்டது. அளவோடு நின்றாலும் பரவாயில்லை, கலவையும் மோசம். 2025-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில், இந்தியரின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவது தெரிந்தது. தெற்கே அது பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. 21 நாடுகளில் 1.3 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, தெற்காசியாவில் தினம் 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சோறு சாப்பிடுபவருக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிடுபவரைவிடச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 61 விழுக்காடு கூடுதல் என்றது. 450 கிராம் என்றால் பயமுறுத்தும் அளவு ஒன்றுமில்லை. கேன்டீனில் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை வாங்கினால் ஒரு வேளையிலேயே அந்தப் பக்கம் போய்விடலாம்.

டீயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஏறக்குறைய பத்து கிராம். வந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு, மூன்று மணிக்கு, மீட்டிங்கில் ஒன்று, கிளம்பும்போது கடையில் ஒன்று. ஐம்பது கிராம். 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் வகுத்த உச்ச வரம்பே அதுதான். இயன்றால் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்வது மேலும் நல்லது என்றும் அது சொல்கிறது. பிஸ்கட், பிறந்தநாள் கேக், பக்கத்து இருக்கைக்காரர் ஊரிலிருந்து கொண்டுவந்த அல்வா எல்லாம் இதற்கு மேலே. மேசை டிராயரில் இருக்கும் பாக்கெட்டுகளைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 2019-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. முன்னால் வைத்த தட்டில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். எவ்வளவு வேண்டுமோ சாப்பிடலாம் என்று விட்டபோது, பதப்படுத்திய உணவில் நாளுக்கு 500 கலோரி அதிகமாக உள்ளே போனது. இரண்டே வாரத்தில் ஏறக்குறைய ஒரு கிலோ ஏறியது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒருவர் எடை மெஷினில் ஏறிப் பார்த்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்று இறங்கலாம். இங்கேதான் பெரிய ஏமாற்று இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' இதழ் இரண்டு மருத்துவர்களின் படத்தை அருகருகே போட்டது. ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யூட்கின். உயரத்துக்கும் எடைக்குமான விகிதத்தைச் சொல்லும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் ஒன்றே: 22.3. எந்த அட்டவணையிலும் "நார்மல்". உடலுக்குள் இருந்த கொழுப்போ யூட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம் உடல்வாகில் தசை குறைவு, வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகம். அதனால்தான் இந்தியருக்கு பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை, 25-லேயே உடற்பருமன் என்று மருத்துவர்கள் கோட்டை இறக்கி வரைந்தார்கள். இடுப்பளவின் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. மேலே சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பு உலகப் பொது அளவான 25-ஐ வைத்தே அதிக எடையைக் கணக்கிடுகிறது. நமக்கான கோட்டை வைத்தால் அந்த எண்கள் இன்னும் ஏறும்.

இடுப்பளவைக் கால்சட்டையைக் கொண்டு ஊகிப்பதும் இன்று பயன்படாது. 1950-களின் கால்சட்டை இடுப்புக்கு மேலே ஏறி நின்றது, அதனால் மாரிஸுக்கு அது உண்மை சொன்னது. இப்போது நாம் பேண்ட்டைத் தொந்திக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறோம். தொந்தி எவ்வளவு வளர்ந்தாலும் 34 அளவு 34-ஆகவே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், தையல் டேப்பை வைத்துப் பார்ப்பதே சரியான முறை. வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

2025-ல் ஐதராபாத்தில் 345 ஐ.டி. ஊழியர்களைப் பரிசோதித்த முடிவு வெளியானது. அவர்களில் 84 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருந்தது. 71 விழுக்காட்டினர் உடற்பருமன் கோட்டைத் தாண்டியிருந்தார்கள். சிறிய ஆய்வு, ஒரே நகரம். நாட்டின் ஐ.டி. ஊழியர் எல்லோருக்கும் இதையே பொருத்திவிட முடியாது. உண்மை அளவு இதில் பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும், பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கும் ஒரு கூட்டத்துக்கு அது சாதாரணச் சேதியல்ல. கல்லீரலில் கொழுப்பு ஏறுவது வலிக்காது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது "கிரேடு ஒன்று ஃபேட்டி லிவர்" என்று ஒரு வரி வரும். டாக்டரும் "எல்லோருக்கும் இருக்கிறதுதான்" என்பார். எல்லோருக்கும் இருப்பதுதான் இங்கே பிரச்சினை.

இரவு ஷிப்டுக்காரர்களுக்குக் கூடுதல் சுமை. அமெரிக்கச் செவிலியரை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வில், சுழற்சி இரவுப் பணியில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் அபாயம் 58 விழுக்காடு கூடியிருந்தது. மூன்று ஆண்டு தாண்டியவர்களிடமே ஏற்றம் தெரிந்தது. அதில் ஒரு பகுதி எடை வழியாக வந்தது, முழுவதும் அல்ல.

உட்காருவது தவறென்றால் நின்றுவிடலாமா? தியாகராய நகர்த் துணிக்கடைப் பெண்களைக் கேட்டால் தெரியும். காலை முதல் இரவு வரை நின்றே இருந்த அவர்களுக்காகத் தமிழ்நாடு 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018-லேயே செய்திருந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் 7,300 ஊழியர்களைப் பன்னிரண்டு ஆண்டு கவனித்தபோது, பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் இருந்தவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவர்களைப்போல் இரு மடங்கு இதய நோய் வந்தது. ஆகவே நின்றபடி வேலை செய்யும் விலையுயர்ந்த மேசையை வாங்கிப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்க முடியாது. உடல் கேட்பது அசைவை. எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் வரும் கூடுதல் மரண அபாயத்தை ஈடுசெய்ய, நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்று 2016-ல் பத்து லட்சம் பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் என்று எல்லோரும் சொல்லும் அளவு குறைந்தபட்சமே. நாற்காலிக்காரருக்கு அது முழு ஈடாகாது.

நிறுவனங்கள் இதற்கெல்லாம் வைத்திருக்கும் பதில், நலவாழ்வுத் திட்டம். சர்வதேச யோகா தினத்தன்று வரவேற்பறையில் பாய் விரிப்பது, ஒரு மாதம் காலடி எண்ணும் போட்டி, உணவியல் நிபுணரின் ஆன்லைன் உரை. இவை பலன் தருகின்றனவா என்பதை அமெரிக்காவில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில் 20-ஐக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் திட்டத்தை நடத்தினார்கள். ஊழியர் ஏறக்குறைய 33,000 பேர். ஒன்றரை ஆண்டு கழித்து, "உடற்பயிற்சி செய்கிறேன்", "எடையைக் கவனிக்கிறேன்" என்று சொன்னவர்கள் திட்டம் நடந்த கிளைகளில் கூடியிருந்தார்கள். எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மருத்துவச் செலவு, விடுப்பு நாட்கள் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவுமில்லை. முடிவுகள் 2019-ல் வந்தன. அதே ஆண்டில் வெளியான இல்லினாய்ப் பல்கலைக்கழக ஊழியர் ஆய்வு இன்னொரு உண்மையைக் காட்டியது. இப்படிப்பட்ட திட்டங்களில் ஆர்வமாகச் சேருபவர்கள் ஏற்கெனவே நல்ல உடல்நிலையில், மருத்துவச் செலவு குறைவாக இருப்பவர்கள். காலடிப் போட்டியில் பரிசு வாங்குகிறவர் யாரென்று உங்கள் அலுவலகத்திலேயே பாருங்கள், பெரும்பாலும் ஏற்கெனவே மாரத்தான் ஓடுகிறவராகத்தான் இருப்பார். நிறுவனங்களுக்கு இவை பிடித்திருப்பதற்குக் காரணம், வேலை நேரத்தையும் கேன்டீன் ஒப்பந்தத்தையும் தொடாமல் இவற்றை நடத்திவிடலாம் என்பதே என்று நினைக்கிறேன்.

பலன் கண்ட முறைகளும் இருக்கின்றன. அவற்றில் மூன்று சென்னை மருத்துவர்களின் பெயரோடு வருபவை. நிறுவன ஊழியர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் கொண்டு அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய 'இந்தியச் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம்' 2006-ல் முடிவுகளை வெளியிட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் இருந்தார்கள். தனி ஆலோசனை பெறாத பிரிவில் மூன்றே ஆண்டில் 55 விழுக்காட்டினர் நோயாளிகள் ஆனார்கள். நாளுக்கு அரை மணி வேகநடை, சோறும் சர்க்கரையும் எண்ணெயும் குறைவு, இதை விடாமல் நினைவூட்டல் என்று இருந்த பிரிவில் 39 விழுக்காடு. இதில் வியப்பு என்னவென்றால், அந்தப் பிரிவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடை மெஷின் அவர்களுக்கு எதையும் சொல்லியிருக்காது, உள்ளே நோய் மட்டும் தள்ளிப்போனது. 'எடை இறங்கவில்லையே' என்று இரண்டாம் மாதத்தில் நடையை நிறுத்துபவர்கள் விடுவது இந்தப் பலனைத்தான்.

இரண்டாவது, அதே குழுவினர் 2013-ல் வெளியிட்டது. தென்னிந்திய நிறுவனங்களில் வேலை பார்த்த 35 முதல் 55 வயது ஆண்கள் 537 பேர். ஒரு பிரிவினருக்குச் செல்போனில் குறுஞ்செய்தி வழியாக உணவு, நடை பற்றிய நினைவூட்டல் தொடர்ந்து போனது. இரண்டு ஆண்டு முடிவில் அவர்களில் 18 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், செய்தி பெறாதவர்களில் 27. மூன்றாவது, 578 பேரை வைத்து வி. மோகனின் ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. உணவு, உடற்பயிற்சி பற்றிய வகுப்பும், தேவைப்பட்டோருக்கு மாத்திரையும் சேர்ந்து நோய் வருவதை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தன. மூன்றிலும் பொதுவானது ஒன்றுதான்: ஒரு நாள் விழாவாக இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்குப் பரிசு கொடுக்கவில்லை, வாசலில் நிற்பவர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆனால் அந்த 55 என்ற எண்ணை அமெரிக்காவோடு ஒப்பிட்டால் கவலை கூடும். அங்கே இதேபோன்ற ஆய்வில், சிறப்புக் கவனிப்பு இல்லாத பிரிவில் மூன்று ஆண்டில் 29 விழுக்காட்டினரே நோயாளிகள் ஆனார்கள். அவர்கள் சராசரியில் சென்னைக்காரர்களைவிட நல்ல பருமன். எடை குறைந்த நாம்தான் வாசலிலிருந்து வீட்டுக்குள் வேகமாகப் போகிறோம். 2023-ல் வெளியான நாடு தழுவிய கணக்கில் இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி.

ஆண்டுதோறும் கம்பெனி செலவில் எடுக்கும் பரிசோதனை ரிப்போர்ட்டில் இந்த வாசலைக் காட்டும் வரி எது என்று தெரிந்துகொள்வது நல்லது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது எச்.பி.ஏ.1.சி. என்ற சர்க்கரைச் சோதனையில் 5.7 முதல் 6.4 வரை. மாத்திரை தேவைப்படாத அளவு என்பதால் "பார்டர்லைன், பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். மேலே சொன்ன சென்னை ஆய்வுகளில் இருந்தவர்கள் எல்லோருமே இப்படி "பயப்பட ஒன்றுமில்லை" நிலையில் இருந்தவர்கள்தாம். வரி இந்த இடைவெளியில் விழுந்தால் அடுத்த ஆண்டுப் பரிசோதனைவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்த்து, இடுப்பளவையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

தனி மனிதர் செய்யக்கூடியது அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டில் என்ன வருகிறது என்பது அவர் கையில் இல்லை, ஆனால் முழுக்க முதலாளி கையிலும் இல்லை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் அரசு கேன்டீனைக் கட்டாயமாக்கலாம் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். அதை நடத்தும் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தர அது வழி செய்தது. 2020-ல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு 250-ஐ 100 ஆக இறக்கியது. இத்தகைய குழுக்களில் பேச்சு பெரும்பாலும் விலையைப் பற்றியும் ருசியைப் பற்றியும்தான். சோற்றுக் கரண்டியின் அளவு, பருப்பும் சுண்டலும் எத்தனை கிராம், டீ மெஷினில் சர்க்கரை இல்லாத பொத்தான் உண்டா என்ற மூன்றையும் அடுத்த கூட்டத்தின் பட்டியலில் சேர்க்க, ஒரு பிரதிநிதியின் கடிதம் போதும்.